அக்காவின் மெஷினும் மாமாவின் காதும்

என் பிள்ளைகள் என் அக்காவை "கொய்ங் அத்தை" என்றுதான் கூப்பிடுவார்கள். முதுகுக்குப் பின்னால் இல்லை, முகத்துக்கு நேராகவே. அவளும் "என்னடா" என்று திரும்புவாள். பிள்ளைகளை இப்படியா வளர்ப்பது என்று என்னைக் கேட்காதீர்கள். அந்தப் பெயர் அவளுக்குப் பிடித்திருக்கிறது, நான் என்ன செய்வது.

அவளுக்கு வாஷிங் மெஷின் பழுது பார்க்கிற வேலை. ஒரு சர்வீஸ் கம்பெனியில் இருக்கிறாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய், சுவரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் மெஷினை இடுப்பால் தள்ளி வெளியே கொண்டுவந்து, பின்பக்கத்தைக் கழற்றிக் கையை உள்ளே விடுவாள். "மெஷின் பார்க்க ஆள் வருவார்னு சொன்னாங்களே, அவர் எங்கே?" என்று அவளிடமே கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். "கீழே வண்டி நிறுத்தறார். அவர் வர்றதுக்குள்ள நான் முடிச்சிடறேன்" என்பாள். முடித்தும் விடுவாள்.

நான் டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொடுக்கிறவன். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, எனக்கென்று வைத்திருக்கும் பிரேக்கில் காலை வைத்தபடியே காலத்தை ஓட்டுகிறவன். அக்காவும் மாமாவும் குடியிருப்பது எங்களுக்குக் கீழ்மாடியில். அவர்களுடைய ஒரே மகள் வெளியூரில் வேலை பார்க்கிறாள். அதனால் அந்த வீட்டில் எது நடந்தாலும் படியேறி வருவது என்னிடம்தான்.

அந்தக் கொய்ங் சத்தம் போடுகிற சனியனை அவள் வீட்டுக்குக் கொண்டுவந்தது வேலைக்குப் போன இடத்திலிருந்து. ஒரு கச்சேரிக் குழுவில் வாசித்துக்கொண்டிருந்த ஆளின் வீடு. வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில், ஈரத்துணிக்கு அடியில், பெரிய பெட்டி போல, ஆர்மோனியக் கட்டைகள் வைத்த ஒரு பழைய சிந்தசைசர் கிடந்திருக்கிறது, கரண்டில் வாசிக்கிற வாத்தியம். பாதிக் கட்டைகள் பேசவில்லை. "எடுத்துட்டுப் போறீங்களா? இடத்தை அடைக்குது" என்று அந்த மனுஷர் கேட்டிருக்கிறார். இவளுக்கு மூக்கு வியர்த்துவிட்டது. இரண்டு தெருத் தள்ளியிருந்த என்னைப் பாடத்தின் நடுவில் கூப்பிட்டாள். டிரைவிங் ஸ்கூல் காரின் பின்சீட்டில் அது ஏறியது. என்னிடம் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டிருந்த பெண்மணி அன்றைக்கு ஒழுங்காக ஒரு திருப்பம்கூடத் திருப்பவில்லை.

கட்டைகளுக்கு அடியில் அழுக்கு, அவ்வளவுதான். துடைத்ததும் பேசிவிட்டன. ஆனால் திறந்து பார்த்ததுதான் வினையாகப் போயிற்று. உள்ளே தந்தி இல்லை, தோல் இல்லை, காற்றுப் போகிற குழாய் இல்லை. எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எனக்கு விளக்கினாள்.

"கரண்டை ஆடவிடறாங்கடா. மெதுவா ஆடினா கீழ் சுரம், வேகமா ஆடினா மேல் சுரம். அதை ஸ்பீக்கர்ல விட்டா சத்தம். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அந்த அவ்வளவுதானில் அவளுடைய விடுமுறை நாளெல்லாம் போயிற்று. குப்பைக்குப் போக வேண்டிய வாஷிங் மெஷின் போர்டுகளிலிருந்து உதிரிகளைப் பிடுங்கி, பிஸ்கட் டப்பாக்களுக்குள் வைத்துப் பற்றவைத்து, ஒவ்வொன்றாகப் பெட்டி செய்ய ஆரம்பித்தாள். ஒரு பெட்டி சத்தத்தை உண்டாக்கும். அதற்கு அழுமூஞ்சி என்று பெயர். ஒரு பெட்டி அந்தச் சத்தத்தை வடிகட்டும். ஒன்று குழாயைத் திறந்து மூடுவது போலச் சத்தத்தை விட்டு நிறுத்தும். ஒன்று தானாக எந்தச் சத்தமும் போடாது, மற்றதை மெல்ல மெல்ல ஆட்டிவைக்கும். அதற்குச் சோம்பேறி என்று பெயர். ஒரு பெட்டியின் வாயிலிருந்து இன்னொரு பெட்டியின் வாய்க்கு வயரை மாட்ட வேண்டும். எந்த வயரை எதில் மாட்டுகிறோம் என்பதுதான் எல்லாமே. மாற்றி மாட்டினால் வேறு சத்தம். பிடுங்கிவிட்டால் அந்தச் சத்தம் போனது போனதுதான், எங்கேயும் சேர்த்துவைக்க முடியாது.

அவள் வாசிப்பதைப் பாட்டு என்று நான் ஒத்துக்கொண்டதில்லை. பாட்டு என்றால் ஆரம்பம் என்று ஒன்று வேண்டாமா? இது எப்போது தொடங்கியது, எப்போது முடியும் என்று தெரியாமல் போய்க்கொண்டே இருக்கும். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். நாளெல்லாம் பயந்த கைகளுக்கு ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்து, அவள் வீட்டுப் பின்கட்டில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தால், கொஞ்ச நேரத்தில் என் வலது கால் தானாகத் தளர்ந்துவிடும். அதை அவளிடம் சொன்னதில்லை. சொன்னால் தலையில் ஏறி உட்காருவாள்.

இந்தப் பெட்டிகளுக்கு ஒரு குணம் உண்டு. சூடு ஏறினால்தான் சுரத்தில் நிற்கும். அணைத்துவிட்டுப் போட்டால் வெகுநேரம் சுரம் வழுக்கிக்கொண்டே இருக்கும். அதனால் அக்கா மெயின் சுவிட்சை அணைப்பதே இல்லை. ஸ்பீக்கர் சத்தத்தை மட்டும் குறைத்துவிட்டு விட்டுவிடுவாள். பின்கட்டில் எந்நேரமும் சின்னச் சின்னச் சிவப்பு விளக்குகள் எரிந்துகொண்டிருக்கும்.

வந்தது வம்பு அங்கேதான்.

மாமா தங்கமான மனிதர். இரும்புத் தகட்டை அழுத்தி அலமாரிக் கதவு செய்கிற பட்டறையில் வாலிபத்திலிருந்தே வேலை. காதில் அடைத்துக்கொள்ள ரப்பர் கொடுப்பார்கள்; அதைச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு வேலை செய்வார். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே "மெஷின் ஓடுது போலிருக்கே, அணைக்கலையா?" என்று கேட்டார். அக்கா போய்ப் பார்த்துவிட்டு வந்து, சத்தம் வைக்கவில்லை என்றாள். மறுநாளும் கேட்டார். அதற்கு மறுநாளும். கடைசியில் அக்கா பிளக்கைப் பிடுங்கி, கையில் கொண்டுவந்து அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இப்ப?"

"இப்பவும் கேக்குது."

"பிளக் இங்கே இருக்கு. எப்படிங்க கேக்கும்?"

"எனக்கென்ன தெரியும்? கேக்குது."

காது டாக்டரிடம் போனார்கள். நானும் கூடப் போனேன். கண்ணாடி அறையில் உட்காரவைத்துப் பரிசோதித்துவிட்டு டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். பட்டறைச் சத்தம் காதின் உள்பக்கத்தைத் தேய்த்துவிட்டது. கேட்காமல் போன சுரத்துக்குப் பதிலாக மூளை தானே ஒன்றைப் போட்டு நிரப்பிக்கொள்கிறது. இதை நிறுத்த மாத்திரை இல்லை, பழகிக்கொள்ள வேண்டும். மாமா தலையை ஆட்டினார். வெளியே வந்து செருப்பை மாட்டும்போது, "இத்தனை வருஷம் பட்டறையில இருந்தப்ப வராதது, அந்த மெஷின் வந்தப்புறம்தானே வந்துது" என்றார். அக்கா விறுவிறுவென்று முன்னால் நடந்தாள். அது நல்லதற்கில்லை. அவள் பேசாமல் இருந்தால்தான் நான் பயப்படுவேன்.

அந்த வாரமே வயர்களைப் பிடுங்கினாள். பெட்டிகளைத் துணியில் சுற்றிப் பரணில் ஏற்றினாள். பழைய சிந்தசைசரை ஏற்ற என்னைக் கூப்பிட்டாள். நான் ஏணியில் நின்றுகொண்டு, "மாமாவுக்காக இவ்வளவு செய்யறியே, பெரிய மனசுதான்" என்று சொல்லித் தொலைத்தேன்.

"அவருக்கு ஒண்ணும் கேக்கலடா" என்றாள், கீழே நின்று பெட்டியைத் தூக்கிக் கொடுத்தபடி. "மெஷின் பிடிக்கல. நான் எந்நேரமும் அதோட உட்கார்ந்திருக்கறது பிடிக்கல. நேரா சொன்னா நான் கேக்கமாட்டேன்னு காதைச் சாக்கா வெச்சுக்கிட்டார்."

இதை அவள் அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒரு சண்டையோடு போயிருக்கும். மனதுக்குள் வைத்துக்கொண்டே தட்டு வைத்தாள், துணி மடித்தாள், பேருந்து நேரம் சொன்னாள். புருஷன் பொய்யன் என்று நினைத்துக்கொண்டு ஒரு பெண்ணால் எவ்வளவு ஒழுங்காகக் குடும்பம் நடத்த முடியும் என்பதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். இருபது வருஷத்துக்கு மேல் ஒன்றாக இருந்தவர்கள். மெஷின் திரும்ப வருமா வராதா என்பதெல்லாம் எனக்குப் பெரிதில்லை. இவள் அவரை மறுபடி நம்புவாளா என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

மெஷின் போன வீட்டில் மாமாவின் காது அடங்கவில்லை. இன்னும் மோசமாகத்தான் ஆயிற்று. வீடு அமைதியாக இருந்தால் உள்ளே இருப்பது பெரிதாகக் கேட்குமாம். டிவியை ஓடவிட்டுப் பார்க்காமல் உட்கார்ந்திருப்பார். மின்விசிறிக்கு அடியிலேயே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார். கண்ணுக்குக் கீழே கறுத்துவிட்டது. பட்டறையில் ஒருவர் "காதுல பூச்சி போயிருக்கும், எண்ணெய் விடு" என்றாராம். இன்னொருவர் "எல்லாம் மனசுதான்" என்றாராம். அவர் அதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்வார். அக்கா சிரிக்கமாட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மாமா தானே ஏணியைப் போட்டு ஏறி, பரணிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினார். அது சோம்பேறி. எது எது என்று அவருக்கு என்ன தெரியும்.

"இதுல எந்தச் சத்தம் வேணா உண்டாக்கலாம்னு சொல்வியே" என்றார். "என் காதுல கேக்கறதை உண்டாக்க முடியுமா?"

"எதுக்கு?"

"எப்படி இருக்கும்னு எல்லாரும் கேக்கறாங்க. எனக்குச் சொல்லத் தெரியல. கேக்க வெச்சுட்டா பேச்சு முடிஞ்சுதே."

அக்கா டப்பாவை அவர் கையிலிருந்து வாங்கினாள். சரி என்றாள். அவள் ஏன் சரி என்றாள் என்று எனக்கு அப்போதே தெரியும். இல்லாத சத்தத்தை ஒருவர் எத்தனை தடவை ஒரே மாதிரி காட்ட முடியும்? மாட்டிக்கொள்வார் என்று நினைத்தாள்.

பெட்டிகள் பரணிலிருந்து இறங்கின. ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் வேலை நடந்தது. மாமா ஹெட்போன் மாட்டிக்கொண்டு கண்ணை மூடி உட்காருவார். அக்கா அழுமூஞ்சியின் திருகைத் திருப்புவாள். "மேலே" என்பார். "இன்னும் மேலே. தாண்டிடுச்சு. கொஞ்சம் கீழே. ஆ, இங்கே." அக்கா திருகுக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த காகிதத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுவாள். பிறகு சத்தமில்லாமல் திருகைச் சுழற்றிக் கலைத்துவிட்டு, "எங்கேயோ இடிச்சிட்டேன் போல, மறுபடி சொல்லுங்க" என்பாள். அவரும் அலுத்துக்கொள்ளாமல் மறுபடி சொல்வார். நான் வாசற்படியில் நின்று டீ குடித்தபடி இந்தக் கள்ளத்தனத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கோடு ஒரே இடத்தில் விழுந்தது. எத்தனை தடவை கலைத்தாலும் அதே இடம். பென்சில் கோட்டின் மேலேயே பென்சில் கோடு. அக்காவின் முகத்தில் எரிச்சல் போய் வேறு ஏதோ வந்தது.

ஆனால் அடுத்த வாரம் மாமா குழப்பினார். "இதுதான்" என்பார், கொஞ்சம் கேட்டுவிட்டு "ஆனா இது இல்ல" என்பார்.

"அதுவா இல்லையா, ஒண்ணைச் சொல்லுங்க."

"அதேதான். ஆனா அது இல்ல. எப்படிச் சொல்றது? இது குண்டா இருக்கு. என்னோடது ஒல்லி."

வடிகட்டியைத் திருகினாள், ஸ் என்ற இரைச்சலைக் கலந்தாள், எல்லாம் செய்தாள். ஒவ்வொன்றுக்கும் "கிட்ட வந்துட்டே" என்றார், முடிவில் "இல்ல" என்றார். இப்படியே வாரங்கள் போயின. அக்கா மறுபடி முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ள ஆரம்பித்தாள். பார்த்தாயா, நான் சொன்னேன் அல்லவா என்று என்னை ஒரு பார்வை வேறு.

பிறகு ஒருநாள், என்ன தோன்றியதோ, பழைய சிந்தசைசரையும் பரணிலிருந்து இறக்கவைத்தாள். அதில் ஒரு கட்டையை அழுத்தினாள். அதே சுரத்தை அதற்கு மேல் ஸ்தாயியில் அழுத்தினாள்.

"இதுக்கும் இதுக்கும் வித்தியாசம் தெரியுதாங்க?"

"ரெண்டும் ஒண்ணுதானே?" என்றார் மாமா.

அக்கா நெற்றியில் அடித்துக்கொண்டாள். ஒரே சுரம் கீழ்மாடியிலும் இருக்கும், மேல்மாடியிலும் இருக்கும். வாசிக்கிறவர்களுக்கு இது முதல் பாடம். மாமா மேல்மாடியில் இருந்துகொண்டு பேசியிருக்கிறார், இவள் இத்தனை வாரமும் கீழ்மாடிக் கதவைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். அவர் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. அதேதான், ஆனால் அது இல்லை.

உடனே அழுமூஞ்சியை மேல்மாடிக்கு ஏற்றிப் பார்த்தாள். ஹெட்போனில் ஒன்றும் வரவில்லை. டப்பாக்களைத் திறந்து பார்த்தாள். கடைசிப் பெட்டியில் ஒரு கெப்பாசிட்டர் இருந்தது. கீச்சென்ற சத்தம் அவளுக்கே ஆகாது என்று, ஆரம்பத்திலேயே அவ்வளவு உயரமான சுரம் எதுவும் வெளியே வராதபடி அவள் கையாலேயே வைத்த தடுப்பு. அதைப் பிடுங்கிக் கையில் எடுத்தாள்.

"உங்க காதுல கேக்கற சத்தம்" என்றாள் மாமாவிடம், "என் மெஷின்லேருந்து வந்ததே இல்லைங்க. இதால அவ்வளவு மேலே போகவே முடியாது. பட்டறையில கேட்ட இரும்புச் சத்தத்தாலதான் வந்திருக்கும்."

மாமா அந்தச் சின்ன உதிரியை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். அதைப் பார்த்து அவருக்கு என்ன புரியும்? ஆனால் பார்த்தார்.

"உன் மெஷினைச் சொன்னது தப்பு" என்றார்.

அக்கா ஜெயித்துவிட்டாள். நான் அவளாக இருந்தால் அந்த வாரம் முழுக்கச் சொல்லிக்காட்டியிருப்பேன். அவள் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தாள். கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினாள். அவள் ஜெயித்த அதே கணத்தில், அவர் பொய் சொல்லவில்லை என்பதும் நிச்சயமாகிவிட்டது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

மேல்மாடிக்கென்று புதிதாக ஒரு சின்னப் பெட்டி செய்தாள். தடுப்பு எதுவும் இல்லாதது. வேலைக்குப் போய்வந்த களைப்போடு, வந்த உடனே உட்கார்ந்து பற்றவைத்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமா ஹெட்போனை மாட்டினார். அக்கா திருகைத் தொட்டாள். மேலே, மேலே, கொஞ்சம் கீழே. அதன்மேல் ஸ் என்ற இரைச்சலைத் துளித் துளியாகக் கலந்தாள். மாமா கையை உயர்த்தினார்.

"இதுதான்."

"நிச்சயமா?"

"எது உன்னோடது, எது என்னோடதுன்னு எனக்கே தெரியல."

அக்கா ஹெட்போனை வாங்கித் தன் தலையில் மாட்டிக்கொண்டாள். முதலில் மெக்கானிக் முகத்தோடு கேட்டாள், சரியாக வந்திருக்கிறதா என்று. அப்புறம் புருவம் சுருங்கியது. அப்புறம் கழற்றிவிட்டாள். ஒரு வாய் டீ குடிக்கிற நேரம்கூட இராது.

"இது எப்பவுமா?"

"எப்பவும்."

"நான் பேசும்போதும்?"

"நீ பேசினா இது பின்னால போகும். நீ நிறுத்தினா முன்னால வரும்."

"தூங்கும்போது?"

"தூங்கிட்டா தெரியாது. தூங்கத்தான் விடாது."

எனக்கும் கொடுத்தாள். நான் கேட்டேன். மெல்லிய ஊசிச் சத்தம், நிற்காமல். இதை வைத்துக்கொண்டா இந்த மனுஷர் பட்டறைக்குப் போய்வந்தார், என் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார் என்று நினைத்து, ஹெட்போனை அவசரமாகக் கழற்றி அக்காவிடமே கொடுத்தேன்.

கடைசியாக ஒரு தடவை சரிபார்க்க மாமா மறுபடி மாட்டிக்கொண்டார். அக்கா கொஞ்சம் சத்தம் கூட்டி ஓடவிட்டு, பிறகு அணைத்தாள். மாமா கழற்றவில்லை. கண்ணை மூடியபடியே இருந்தார். உதடு மட்டும் அசைந்தது.

"காணோம்."

"என்ன காணோம்?"

"சத்தம். நின்னுடுச்சு."

இப்படிச் சிலருக்கு நடக்கும், அதே சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டால் உள்ளே இருப்பது சற்று அடங்கும், ஆனால் நிலைக்காது என்று டாக்டர் பிறகு சொன்னார். அன்றைக்கு எங்களுக்கு அது தெரியாது. மாமா ததும்பும் பாத்திரத்தை இறக்கிவைப்பது போல ஹெட்போனை மெதுவாகக் கழற்றினார். சமையலறையில் ஃபிரிட்ஜ் ஓடுவது கேட்டது. மேலே எங்கள் வீட்டில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் மாமா தலையை லேசாகத் திருப்பினார். அவர் கண்ணில் நீர் கோத்திருந்தது.

"ஏதாவது பேசு" என்றார் அக்காவிடம்.

"என்ன பேச?"

"எதையாவது. சீக்கிரம் பேசு, வந்துடும்."

என் அக்காவுக்கு வாய்க்குப் பஞ்சமில்லை. ஊர்ப்பட்ட பேச்சு இருக்கிறது அவளிடம். அன்றைக்கு அதில் எதையும் அவள் எடுக்கவில்லை. அவர் முழங்காலில் கையை வைத்துக்கொண்டு, மிகச் சின்னக் குரலில் சொன்னாள்.

"நீங்க பொய் சொல்றீங்கன்னு நினைச்சேங்க. இத்தனை நாளும். மெஷினை எடுக்க வைக்கறதுக்காகச் சொல்றீங்கன்னு."

மாமா கோபப்படவில்லை. தெரியும் என்பது போலத் தலையை அசைத்தார்.

"இன்னொரு தடவை சொல்லு" என்றார்.

"எதுக்கு?"

"உன் குரலை மட்டும் தனியா கேட்டு எவ்வளவு நாளாச்சு."

அவள் மறுபடி சொன்னாள். நீங்க பொய் சொல்றீங்கன்னு நினைச்சேன் என்று, அழுதுகொண்டே, முதல் வார்த்தையிலிருந்து. பாதியிலேயே மாமாவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். வந்துவிட்டது. அவர் அதை அவளிடம் காட்டிக்கொள்ளவில்லை. அவள் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.